பண்டைய பாரசீகத்தில் ஆட்சிக் கவிழ்ப்பை விழாவாகக் கொண்டாடினார்களா?

ஆமாம். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அதை மாகோபோனியா என்று குறிப்பிடுகிறார், அதாவது மாகியரைக் கொன்ற நாள். மாகியர் என்பவர்கள் மேதியா நாட்டுப் பூசாரிக் குலத்தார். அன்றைக்குப் பாரசீகர்கள் பெருவிழா எடுப்பார்களாம். மாகியர் ஒருவரும் வெளியே தலைகாட்டக் கூடாது, நாள் முழுக்க வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

நடந்தது கி.மு. 522-இல். பேரரசர் காம்பைசஸ் எகிப்தில் இருந்த சமயம், அவருடைய தம்பி பர்தியா என்று சொல்லி ஒருவர் அரியணை ஏறினார். காம்பைசஸ் திரும்பும் வழியிலேயே இறந்துபோனார். செப்டம்பர் கடைசியில் தாரியஸும் ஆறு பிரபுக்களும் சேர்ந்து அந்தப் புதிய மன்னரைக் கொன்றார்கள். ஆட்சி தாரியஸ் கைக்கு வந்தது.

தாரியஸ் தன் தரப்பை பெஹிஸ்தூன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் வெட்டி வைத்தார். இன்றைய ஈரானில் கெர்மான்ஷாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உண்மையான பர்தியாவைக் காம்பைசஸ் முன்னமே ரகசியமாகக் கொன்றுவிட்டாராம். அரியணையில் இருந்தது கௌமாதா என்ற மாகியனாம். மல்லாந்து கிடக்கும் கௌமாதாவின் மேல் தாரியஸ் காலை வைத்து நிற்பதுபோல் சிற்பமும் உண்டு.

நான் இந்தக் கதையை நம்பவில்லை. வரலாற்றாசிரியர்கள் பலரும் சந்தேகப்படுகிறார்கள். பேரரசர் சைரஸின் மகனான பர்தியா கொல்லப்பட்டது நாட்டில் யாருக்குமே தெரியாமல் இருந்திருக்குமா? பதவியேற்றதும் அந்த மன்னர் மூன்று வருஷத்துக்கு வரியையும் படைச் சேவையையும் தள்ளுபடி செய்தார். அவர் இறந்தபோது பாரசீகர் தவிர ஆசியா முழுவதும் வருந்தியது என்று ஹெரோடோட்டஸே எழுதுகிறார். அப்புறம், தாரியஸ் பதவிக்கு வந்ததும் பேரரசு முழுக்கக் கிளர்ச்சி. ஒரே வருஷத்தில் 19 போர்கள் செய்தேன் என்று அவரே அந்தப் பாறையில் சொல்கிறார். பாரசீகத்திலேயே வஹ்யஸ்தாதா என்பவர் ‘நான்தான் பர்தியா’ என்று கிளம்ப, அவர் பின்னால் படை திரண்டது. அந்தப் பெயர் மேல் மக்களுக்கு அவ்வளவு பிடிப்பு இருந்திருக்கிறது.

அதனால் கொல்லப்பட்டவர் நிஜப் பர்தியாதான் என்பது என் எண்ணம். அப்படியென்றால் அந்த விழா ஒரு கொலையை வருஷா வருஷம் நியாயப்படுத்தியது. அதற்கு ஒரு குலத்தையே வீட்டுக்குள் அடைத்தார்கள் என்பதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இத்தனைக்கும் தாரியஸ் காலத்துப் பெர்செபோலிஸ் களிமண் பலகைகளில், வழிபாட்டுக்காக மாகியருக்குத் தானியம் அளந்து கொடுத்த கணக்குகள் இருக்கின்றன. அரசின் பூசைகளை அவர்களும்தான் செய்துகொண்டிருந்தார்கள்.