எந்த மணி எங்கே அடிக்க வேண்டும்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிலையம் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே எங்கள் லோரிகளுக்கான பட்டறையும் உண்டு. தொலைபேசி லைன்கள் இரண்டு. முன் மேசை, எடை நிலையம், கணக்கு, பட்டறை, என் கணவரின் அறை என்று ஐந்து எக்ஸ்டென்ஷன்கள் (உள் இணைப்புகள்). லைன்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் இணைக்கும் பெட்டி (பிபிஎக்ஸ்) பானாசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824. எல்லா அழைப்பும் முன் மேசைக்கே வருகிறது. அங்கே இருக்கும் பெண் சாப்பிடப் போய்விட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. பெட்டியைத் தூக்கிவிட்டுப் புதிதாக, இணைய வலையமைப்பில் இயங்கும் ஐபி பிபிஎக்ஸ் வாங்கும்படி ஒரு விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. உங்கள் பெட்டி அடிப்படை நிலையிலேயே மூன்று லைன்களையும் எட்டு எக்ஸ்டென்ஷன்களையும் தாங்கும். அட்டைகள் சேர்த்தால் எட்டு லைன், இருபத்து நான்கு எக்ஸ்டென்ஷன் வரை போகலாம். இருப்பது ஐந்து. பெட்டிக்குக் கொள்ளளவு போதவில்லை என்று சொல்ல இடமே இல்லை. பொருத்திய அன்று எந்த மணி எங்கே அடிக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டெக்னீசியனைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அழைப்பு போகும் வழியைக் கோடுகளாகப் போடுங்கள். காலை எட்டு மணிக்கு ஒருவர் அழைக்கிறார்; முதலில் எங்கே அடிக்க வேண்டும்? எடுக்காவிட்டால் எத்தனை விநாடி கழித்து எங்கே? அங்கும் எடுக்காவிட்டால்? பேசிக்கொண்டிருந்தால்? சாப்பாட்டு நேரத்தில்? கடை அடைத்த பிறகு? ஒவ்வொரு கோடும் ஓர் ஆளிடமோ ஒரு குரல்பதிவிலோ போய் முடிகிறதா என்று பாருங்கள். எங்கேயும் முடியாத கோட்டில் சிக்கியவர்தான் அடுத்த முறை வேறு நிலையத்துக்குக் குலையைக் கொண்டுபோகிறார்.

உங்கள் இடத்துக்கு நான் போடும் கோடு இது. பகலில் முன் மேசையில் உடனே அடிக்கட்டும். பத்து விநாடிக்குள் எடுக்காவிட்டால் கணக்கிலும் எடை நிலையத்திலும் சேர்ந்து அடிக்கட்டும். ‘தாமத மணி’ என்ற இந்த வசதி உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. பட்டறையை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். எண்ணெய்க் கையோடு ஓடிவந்து எடுப்பவரால் இன்றைய குலை விலையைச் சொல்ல முடியாது. லோரி வேலையும் நின்றுபோகும்.

எத்தனை தடவை மணி அடிக்க வேண்டும் என்று சொல்லாமல் எத்தனை விநாடி என்றே டெக்னீசியனிடம் சொல்லுங்கள். மலேசிய லைனில் மணி இரண்டு தடவை ஒலித்து, சற்று நின்று, மீண்டும் ஒலிக்கும். ஒரு சுற்று ஏறக்குறைய மூன்று விநாடி. அமெரிக்கக் கையேடுகள் ஆறு விநாடியை ஒரு சுற்றாக வைத்து எழுதப்பட்டவை. ‘நான்கு தடவை மணி’ என்றால் இங்கே பன்னிரண்டு விநாடி, அங்கே இருபத்து நான்கு.

அடுத்தது நேர மாற்றம். பகல், மதிய உணவு, இரவு என்று மூன்று நிலைகளை உங்கள் பெட்டி அறியும். கிழமைவாரியாக நேரம் குறிக்கவும் இடமுண்டு. எடை நிலையத்தில் இருப்பவர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவராக இருந்தால், அன்று மட்டும் மதிய நிலையை நீட்டிவிட்டு அழைப்புகளைக் கணக்கிலும் உங்கள் கணவர் அறையிலும் அடிக்க விடுங்கள்.

இரவில் கணவரின் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடத் தோன்றும். பெட்டி அதையும் செய்யும். ஆனால் விற்பனையாளர்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது: உள்ளே வரும் அழைப்புக்கு ஒரு லைன், அதை வெளியே தள்ள இன்னொரு லைன். உங்களிடம் இருப்பவை இரண்டு. ஒரே ஒரு தோட்டக்காரர் உங்கள் கணவரோடு பேசினால் இரண்டும் அடைபட்டுவிடும். அடுத்து அழைப்பவருக்கு ‘பிஸி’ ஒலிதான். பேச்சு முடிந்ததைப் பெட்டி சரியாக உணராவிட்டால், இருவரும் வைத்த பிறகும் லைன்கள் சிறிது நேரம் பிடிபட்டே கிடக்கும். எனவே திருப்பும் வேலையைத் தொலைபேசி நிறுவனத்திடமே விடுங்கள். லைனிலேயே ‘கால் ஃபார்வர்ட்’ போட்டால் அழைப்பு உங்கள் பெட்டிக்கு வராமலே திரும்பிவிடும். திருப்பிய பகுதிக்கு உங்கள் பெயரில்தான் கட்டணம் ஏறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியின் வாய்ஸ்மெயிலை அணைத்துவிடுவதும் நல்லது. தொலைபேசி அணைந்திருந்தால் விலை கேட்க அழைத்தவர் ஓர் இயந்திரத்திடம் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்ற வரவேற்புக் குரல் வேண்டாம் என்பது என் கட்சி. அழைப்பவர்களில் பலர் பத்து ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர்கள். குரல் பேசி முடிப்பதற்குள் வைத்துவிடுவார்கள். போட்டே தீர வேண்டுமென்றால் இரண்டே தேர்வு போதும். எதையும் அழுத்தாதவர் தானாக முன் மேசைக்குப் போக வேண்டும்.

இன்னும் இரண்டு சோதனைகள். கணக்கு எக்ஸ்டென்ஷன் முன் மேசைக்கும், முன் மேசை கணக்குக்கும் திருப்பிவிடப்பட்டிருந்தால் அழைப்பு வட்டமடிக்கும், அல்லது அறுந்துபோகும். யாராவது தம் மேசையில் விளையாட்டாகப் போட்டுவைத்த திருப்பல் மாதக்கணக்கில் கிடப்பது அலுவலகங்களில் சகஜம். இன்னொன்று, வெளியே பேச 9 அழுத்தும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அவசரத்துக்கு 999 அழுத்துகிறவருக்கு என்ன நடக்கிறது என்று டெக்னீசியனிடம் கேளுங்கள். முதல் 9 லைனைப் பிடிக்கவே செலவாகி, வெளியே 99 மட்டும் போகலாம். 999 நேராக வெளியேறும்படி அமைக்க முடியாவிட்டால் ஒவ்வொரு தொலைபேசியிலும் ‘9-999’ என்று எழுதி ஒட்டுங்கள்.

பெட்டியை எப்போது மாற்றலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அலுவலக பிபிஎக்ஸ் தொழிலிலிருந்து விலகுவதாகப் பானாசோனிக் 2022இல் அறிவித்துவிட்டது. பழைய அட்டைகள் கிடைக்கும்வரை ஓட்டலாம். ஓர் இடியில் தாய்ப் பலகை கருகினால் அதைப் பழுது பார்க்கப் பணம் இறைக்காதீர்கள். அன்றைக்கு ஐபி பெட்டி வாங்குங்கள். பேராக் மாநிலத்து இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எர்த் கம்பியும் லைன் நுழையும் இடத்தில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பானும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்குச் சென்ற ஆண்டு புதிய பிபிஎக்ஸ் போட்டவர், புரோகிராமிங் பாஸ்வேர்டைத் தர மறுக்கிறார். ஒரு எக்ஸ்டென்ஷன் எண்ணை மாற்றவும், வந்துபோவதற்குக் கட்டணம் கேட்கிறார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா? (வாசகர், பஹாவ்)

பதில்: ஐந்து ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்று அந்த மன்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குகிறவரைத்தான் பயனீட்டாளர் என்கிறது. அலுவலக பிபிஎக்ஸ் தொழிலுக்கு வாங்கியது. மன்றத்தின் வாசலில் உங்கள் வழக்கு நிற்காது. எனவே முதலில் எழுத்தில் கேளுங்கள். வாங்கியபோது தந்த கொட்டேஷனில் பாஸ்வேர்டைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் வேறொரு டெக்னீசியனை அழைத்துப் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிப் புதிதாக அமைக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு எக்ஸ்டென்ஷன்களுக்கு இது பெரிய வேலை அல்ல. தற்போதைய அமைப்பை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகே அழியுங்கள். புதிய பாஸ்வேர்டு 1234ஆகவே இருந்துவிடக் கூடாது. வெளியிலிருந்து உள்ளே புகுந்து இரவு முழுக்க வெளிநாட்டுக்கு அழைக்கும் திருட்டு உலகெங்கும் நடக்கிறது. பில் உங்கள் பெயருக்கு வரும். வெளிநாட்டுக்குப் பேசத் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களில் 00 என்று தொடங்கும் எண்களைத் தடுத்துவிடுங்கள்.

இனி வாங்குகிறவர்கள் கொட்டேஷனிலேயே மூன்றை எழுதி வாங்குங்கள்: பாஸ்வேர்டு உரிமையாளரிடம் இருக்கும், புரோகிராமின் நகல் தரப்படும், எந்த எண் எந்த மேசை என்ற அச்சுப் பட்டியல் தரப்படும். இதற்குத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: செம்புக் கம்பி லைனை ஃபைபருக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது மின்சாரம் போனால் தொலைபேசியும் போய்விடுகிறது. பழுதா? (வாசகி, தாப்பா)

பதில்: பழுதில்லை. செம்புக் கம்பியில் மின்சாரமும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் மோடமும் ரூட்டரும் உங்கள் சுவரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. மோடம், ரூட்டர், பிபிஎக்ஸ் மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் (மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டியில்) மாட்டுங்கள். பிபிஎக்ஸை மட்டும் மாட்டினால் உள்ளுக்குள் ஒருவரோடு ஒருவர் பேசலாம், வெளியே பேச முடியாது.