'மை மிஸ்டர்': ஓட்டிப் பார்த்தவருக்கு

வணக்கம் ஐயா,

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று கொரியத் தொடர்கள் பார்த்தேன். 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' பார்த்து அழுது தீர்த்தேன். 'குயின் ஆஃப் டியர்ஸ்' முதல் பாதி சிரிப்பும் சண்டையுமாக அருமையாகப் போனது. பிற்பாதியில் அறுவை சிகிச்சை, மறதி, கடத்தல், துப்பாக்கி என்று நம்மூர் சீரியல் மாதிரி ஆகிவிட்டது. 'மை மிஸ்டர்' பற்றி எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். எனக்கு ஐந்து எபிசோடுக்கு மேல் போகவில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தும் நகரவே மாட்டேன் என்கிறது. நடக்கிறார்கள், குடிக்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். இருட்டு வேறு.

"இதெல்லாம் பளபளப்பான மெகா சீரியல்தானே" என்கிறார் என் கணவர். அவருக்கு என்ன பதில் சொல்வது? கொரியர்கள் நிஜமாகவே இவ்வளவு அழுவார்களா? எல்லாத் தொடரிலும் ஒரே கடை சாண்ட்விச்சை ஏன் சாப்பிடுகிறார்கள்? அடுத்து என்ன பார்க்கலாம் என்று நான்கைந்து பெயர் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள வாசகிக்கு,

கொரியத் தொடர்களை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே மனதில் இருந்தது. உங்கள் கடிதத்தில் 'ஒன்றரை மடங்கு' என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சாண்ட்விச் என்பது விளம்பரம். தொடருக்குள்ளேயே பொருளைக் காட்டிக் காசு வாங்க 2010இல் கொரியச் சட்டம் இடம்கொடுத்தது. நிகழ்ச்சி நேரத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, திரையில் கால்வாசிக்கு மேல் அடைக்கக்கூடாது என்பவை அப்போது வகுத்த வரம்புகள். அழுகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொடரை வைத்து ஒரு நாட்டின் கண்ணீரை அளக்க வேண்டாம்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: கொரியாவிலும் மெகா சீரியல் உண்டு. கேபிஎஸ் 1 அலைவரிசையில் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் அரை மணி நேரம் ஓடும் தொடர்கள் 100 எபிசோடைத் தாண்டும். கேபிஎஸ் 2இன் வார இறுதிக் குடும்பத் தொடர் 50ஐத் தொடும். மாமியார் கொடுமை, மறைத்து வளர்த்த குழந்தை எல்லாம் அங்கே தாராளமாகக் கிடைக்கும். நீங்கள் பார்ப்பது வேறு வகை. வழக்கமாக வாரம் இரண்டு எபிசோடு, மொத்தம் 16, எட்டு வாரம், பெரும்பாலும் ஒரே எழுத்தாளர். எந்த வாரம் முடியும் என்று தெரிந்தே எழுதத் தொடங்குகிறார்கள். நம் சீரியல் எழுதுபவர்களுக்கு அந்த வசதி கிடையாது. டிஆர்பி இருக்கும்வரை இழுக்க வேண்டும்.

'குயின் ஆஃப் டியர்ஸ்' பற்றி நீங்கள் சொன்னது சரி. 2024 ஏப்ரலில் முடிந்தபோது கடைசி எபிசோடு ஏறக்குறைய 24.9 சதவீத ரேட்டிங் எடுத்தது. டிவிஎன் அலைவரிசை அதுவரை எந்தத் தொடரிலும் பார்க்காத உயரம் அது. அதற்காகப் பிற்பாதி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. விவாகரத்துக்குத் துணிந்த கணவன், மனைவிக்கு உயிர்க்கொல்லி நோய் என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தை மறைக்கிறான். இந்தக் கரு ஏழெட்டு எபிசோடு தாங்கும். குட்டு வெளிப்பட்டதும் மீதிப் பாதியைத் தூக்கிச் சுமக்க வில்லனைத் தவிர ஆளில்லை. அதை நீங்கள் ஓட்டிப் பார்த்திருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். போயும் போயும் 'மை மிஸ்டரை' ஓட்டினீர்களே!

2018இல் டிவிஎன்னில் வந்த தொடர் அது. பார்க் ஹே-யங் எழுதினார், கிம் வொன்-சோக் இயக்கினார். நீங்கள் அழுது தீர்த்த 'டேஞ்சரின்ஸை' இயக்கியவரும் இதே கிம் வொன்-சோக்தான். இரண்டிலும் நாயகி ஐயூ. அங்கே வசப்பட்டவர் இங்கே ஏன் எழுந்து போனீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ரிமோட்டைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இந்தக் கதை நடப்பதே காதுக்குள்தான். ஜி-ஆன் 21 வயதுத் தற்காலிக ஊழியர். அவளுடைய அலுவலகத்தில் கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர் டோங்-ஹூன். அவரை வேலையிலிருந்து துரத்த வழி தேடி, அவர் போனில் ஒட்டுக்கேட்கும் செயலியை ஏற்றிவிடுகிறாள். இரவும் பகலும் இயர்போனில் அவரைக் கேட்கிறாள். அண்ணன் தம்பி சச்சரவு, மதுக்கடையில் கிண்ணம் வைக்கும் ஒலி, வீடு திரும்பும் நடை, மூச்சு. அவளை வளர்த்த பாட்டிக்கோ காதும் கேட்காது, பேச்சும் வராது. இருவரும் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள். பேச்சொலியே இல்லாத வீட்டுக்குள் யாரோ ஒருவரின் நாள் முழுக்க ஒலியாக வந்து நிறைகிறது. உளவு பார்க்கப் போனவள் அந்த ஒலியாலேயே மாறுகிறாள். உங்கள் பேச்சு, நினைப்பு, காலடிச் சத்தம் எல்லாமே பிடித்திருந்தது என்று பின்னால் அவரிடமே சொல்கிறாள். கதையை உடைத்துவிட்டேன் என்று கோபப்படாதீர்கள், தெரிந்துகொண்டு பார்த்தாலும் குறையாத தொடர் இது.

காலடிச் சத்தம் கேட்டு ஒருத்தி மனம் மாறும் கதையில், அந்தக் காலடியை விரட்டிவிட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

வேகத்தைக் கூட்டும்போது என்ன நடக்கிறது தெரியுமா? தொடரை ஓட்டும் செயலி குரலின் சுருதியைக் கெடுக்காமல் நேரத்தை மட்டும் சுருக்கும். பேச்சு புரிவதால் எதுவும் கெடவில்லை என்று தோன்றும். கெடுவது பேச்சுக்கு நடுவே. 3 வினாடி மௌனம் 2 வினாடி ஆகிறது. பதில் சொல்லத் தயங்கியவர் பட்டென்று பதில் சொன்னவராகிவிடுகிறார். களைத்து நடப்பவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்போலத் தெரிகிறார். சப்டைட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் நிற்கும். படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி. கண் திரையின் அடியிலேயே கிடக்கிறது, டோங்-ஹூனாக நடித்த லீ சன்-கியூனின் முகத்துக்கு ஏறவே அதற்கு நேரமில்லை. தொடக்கத்தில் ஜி-ஆன், அலுவலகத்தில் எடுத்து வந்த இரண்டு காப்பிப் பொட்டலங்களைக் கிழித்து ஒரே கோப்பையில் கொட்டிக் கலந்து இரவுச் சாப்பாடாகக் குடிக்கிறாள். பாட்டிக்கு நிலா காட்ட மளிகைக் கடைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிப் போகிறாள். இவை நீங்கள் பார்த்த ஐந்து எபிசோடுக்குள்ளேயே இருக்கின்றன. கடிதத்தில் இவை பற்றி ஒரு வரிகூட இல்லை.

16 எபிசோடு, எபிசோடுக்கு 70 நிமிடம் என்று வைத்தால் 18 மணி 40 நிமிடம். ஒன்றரை மடங்கில் பன்னிரண்டரை மணி. ஆறு மணி நேரம் மிச்சம். தொடரின் உயிர் பெரும்பாலும் அந்த ஆறு மணி நேரத்தில்தான் இருந்தது.

இந்த நிதானம் கொரியத் தொடர்களுக்குச் சும்மா வந்ததில்லை. நாலைந்து எபிசோடு கையில் வைத்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டு, மீதியை வாராவாரம் எழுதி வாராவாரம் எடுப்பதுதான் அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. வசனத் தாள் படப்பிடிப்புத் தளத்துக்கு அன்றன்று துண்டு துண்டாக வரும். கடைசி எபிசோடுகளை ஒளிபரப்புக்குச் சில மணி நேரம் முன்புவரை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். 2017 டிசம்பரில் 'எ கொரியன் ஒடிசி'யின் இரண்டாவது எபிசோடு, நடிகர்களைத் தூக்கும் கம்பிகள் அழிக்கப்படாமலே ஒளிபரப்பாகி, பாதியில் நிறுத்தப்பட்டது. கிராஃபிக்ஸ் முடியவில்லை. அதே தொடரின் அரங்கில் சரவிளக்கு மாட்ட ஏறிய தொழிலாளி கீழே விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இப்படி ஓடும் படப்பிடிப்பில் ஒரு முகத்தின்மேல் காமிராவை ஐந்து வினாடி கூடுதலாக நிறுத்த யாருக்கு மனம் வரும்? 2018இல் திருத்திய தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 52 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு 2019 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்த ஊழியர்களை அது முழுதாக எட்டவில்லை என்ற குறை நீடித்தாலும், முன்கூட்டியே எடுத்து முடிக்கும் வழக்கம் பெருகியது. காட்சிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 'மை மிஸ்டர்' அதற்கும் முன்பே எடுத்துக்கொண்ட அந்த இடத்தைத்தான் நீங்கள் விரலால் தள்ளிவிடுகிறீர்கள்.

'டேஞ்சரின்ஸ்' உங்களைப் பிடித்துக்கொண்டதும் இதனால்தான். முழுத் தொடரையும் ஒரே நாளில் கொட்டிப் பழகிய நெட்ஃபிளிக்ஸ், 2025 மார்ச்சில் இதை வாரம் நான்காக நான்கு வாரம் தந்தது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பருவம். ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள் ஹென்யோக்கள். நீர்மட்டத்துக்கு வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீழ்க்கைபோலக் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறாள். சிறுமி ஏ-சூன் எழுதும் கவிதையில் கேட்பது இதுதான்: உள்ளே போன அம்மா ஏன் இன்னும் மேலே வரவில்லை, சிப்பி கிடைக்கவில்லையா, மூச்சு போதவில்லையா? அந்தக் குழந்தையோடு கரையில் காத்திருந்தீர்கள், அதனால் அழுதீர்கள். ஜி-ஆனோடும் காத்திருக்க உங்களால் முடியும். அந்த மனசு உங்களுக்கு இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது.

ஆகவே 'மை மிஸ்டரை' மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். புதன் ஒன்று, வியாழன் ஒன்று, கொரியாவில் ஒளிபரப்பான கணக்கு அதுதான். வேகம் 1. உங்கள் புரொஃபைலின் பிளேபேக் அமைப்பில், அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். இருட்டாக இருக்கிறது என்றீர்கள். பகல் வெளிச்சம் திரையில் விழுந்தால் நிழல் பகுதிகள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். ராத்திரி விளக்கை அணைத்து, டிவியை 'விவிட்' மோடிலிருந்து 'சினிமா' அல்லது 'மூவி' மோடுக்கு மாற்றுங்கள். இயர்போன் கட்டாயம். மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கரில் லீ சன்-கியூனின் அடிக்குரல் பாதி காணாமல் போகும். முதல் நான்கு எபிசோடு கனமாகத்தான் இருக்கும், அதற்கு மாற்று இல்லை. முடிந்தால் கணவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

நான்கைந்து பெயர் கேட்டீர்கள். இப்போதைக்கு ஒன்று போதும்: இதே இயக்குநரின் 'மிசேங்'. 2014, 20 எபிசோடு. பாதுக் (கோ) என்னும் பலகை விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரனாக முடியாமல்போய், வர்த்தக நிறுவனமொன்றில் பயிற்சியாளனாகச் சேரும் பையனின் கதை. 'மை மிஸ்டர்' முடிந்த பிறகுதான் தொட வேண்டும். எட்டு வாரம் கழித்து எழுதுங்கள், மீதிப் பெயர்களைத் தருகிறேன்.