விழுங்கும்போது சிக்குகிறதா? காத்திருக்க வேண்டாம்

கேள்வி: புதிதாகத் திறந்த இத்தாலிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். மறுநாள் அம்மாவுக்கு நெஞ்செரிச்சல், மகளுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு, எனக்குத் தலைவலியும் தீராத தாகமும். சுவையூட்டும் உப்பு கலந்திருப்பார்களா? மைதா குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று இணையத்தில் படித்தேன், உண்மையா? 62 வயதான அப்பா, ரொட்டியின் இரண்டாவது துண்டிலேயே நெஞ்சில் அடைக்கிறது என்று எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். கடைசியில் டிராமிசு என்ற மென்மையான கிரீம் இனிப்பை மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். சில மாதங்களாகவே அவருக்கு இப்படி இருக்கிறது. அமிலத்துக்கான மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பெரியப்பா உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தவர். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் செலுத்தி உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்தால் நோய் கிளறிவிடும் என்று அம்மா பயப்படுகிறார்.

மருத்துவர் பதில்:

உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது மைதா அல்ல, பெரியப்பாவின் நினைவு. ஆகவே அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். இந்த வாரமே அவரை இரைப்பை, குடல் நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு எண்டோஸ்கோப்பி தேவை.

ரொட்டி அடைத்தது, டிராமிசு இறங்கியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய், நன்றாக விரிந்துகொடுக்கும். அதன் உள்விட்டம் 13 மி.மீ.க்கும் கீழே குறுகிவிட்டால் கெட்டியான உணவு சிக்கத் தொடங்கும். உலர்ந்த ரொட்டியும் இறைச்சித் துண்டும்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். சாஸில் ஊறிய பாஸ்தா நழுவிப் போய்விடும், கிரீம் தானாகவே இறங்கிவிடும். கெட்டியானது சிக்கி, மென்மையானது இறங்கினால் வழியில் எங்கோ குறுகல் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தண்ணீரும் உணவும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுபோலச் சிரமம் தந்தால், குழாயின் தசை இயக்கத்தில் கோளாறா என்று வேறு திசையில் யோசிப்போம்.

இன்று அவர் சாப்பிடும்போது அருகில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறாரா? துண்டுகளை மேலும் மேலும் சிறிதாக வெட்டுகிறாரா? எல்லோரும் எழுந்த பிறகும் மென்றுகொண்டே இருக்கிறாரா? இறைச்சியை யாருக்கும் தெரியாமல் ஒதுக்குகிறாரா? பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறாரா? இப்படிப்பட்டவர்கள் பல மாதங்களாகத் தங்களை அறியாமலேயே சாப்பாட்டை மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை, பசிதான் குறைந்துவிட்டது" என்பார்கள். எங்கே அடைக்கிறது என்று கேட்டால் கழுத்துக் குழியைக் காட்டுவார்கள். அதை நம்பித் தொண்டையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. குறுகல் நெஞ்சின் அடிப்பகுதியில் இருந்தாலும் அடைப்பு மேலே இருப்பதாகச் சில நேரம் உணர்வு சொல்லும்.

வயதானால் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். விழுங்குவதில் சிரமம் எந்த வயதிலும் இயல்பானது அல்ல. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், இந்த ஒரு அறிகுறி இருந்தாலே வயது பார்க்காமல் இரண்டு வாரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறது.

இனி, நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வி. புற்றுநோயாக இருக்குமா? இருக்கலாம். கடிதத்தை வைத்து இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. சொன்னால் அது பொய்யான ஆறுதல். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிரமம் ஏறிக்கொண்டே போவது, எடை குறைவது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் ஆகியவை இருந்தால் என் கவலை கூடும். ஆனால் இதே அறிகுறியைத் தரும் வேறு நோய்களும் பல உண்டு. நெடுங்காலம் அமிலம் மேலே ஏறியதால் விழுந்த தழும்புச் சுருக்கம், குழாயின் கீழ்முனையில் மெல்லிய சவ்வு வளையம், ஒவ்வாமை சார்ந்த உணவுக்குழாய் அழற்சி என்று பட்டியல் நீளும். சுருக்கத்தையும் வளையத்தையும் பலூன் வைத்து விரித்துவிடலாம். ஒவ்வாமை அழற்சிக்கு மருந்தும் உணவு மாற்றமும் உண்டு. இவற்றில் எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும். இணையத்தில் நள்ளிரவு வரை தேடினாலும் உங்கள் அப்பாவின் உணவுக்குழாய்க்குள் இருப்பது அங்கே கிடைக்காது.

அவர் தானே வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து நல்ல மருந்துதான், நானும் எழுதித் தருகிறேன். ஆனால் எரிச்சல் தணிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பை அது தந்துவிடும். சில சமயம் புற்றுப் புண்ணின் மேற்பரப்பைக்கூடத் தற்காலிகமாக ஆற்றிக்காட்டும். அப்படிப் போகும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குத்தான் லாபம். எத்தனை நாளாக, எந்த அளவில் சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்கிறேன். எண்டோஸ்கோப்பி நோயைப் பரப்பாது. விரல் பருமன்கூட இல்லாத, வளையும் குழாய் அது. தொண்டையை மரக்கச் செய்தோ லேசாக மயக்கம் கொடுத்தோ உள்ளே செலுத்துவார்கள். பரிசோதனை பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குழாய் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் சில இடங்களில் சிறு திசுத் துணுக்குகள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வாமை அழற்சி சில நேரம் கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில்தான் தெரியும். திசு எடுத்தால் புற்றுநோய் வேகமாகப் பரவும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த ஒரு தவறான நம்பிக்கையால் காலம் தாழ்த்தி வருகிறவர்களைப் பார்க்கும்போது கோபமும் துக்கமும் சேர்ந்தே வருகிறது.

மருத்துவரைப் பார்ப்பதற்குள் மறுபடி அடைத்தால் என்ன செய்வது? அவரால் பேச முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பேசவோ இருமவோ முடியாமல் திணறினால் அடைப்பு மூச்சுக்குழாயில் இருக்கிறது. உடனே முதுகில் ஓங்கித் தட்டுங்கள், பலனில்லாவிட்டால் வயிற்றில் அழுத்தும் முதலுதவி செய்யுங்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். பேச முடிகிறது, மூச்சு வருகிறது, ஆனால் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருக்கிறார் என்றால் உணவுக்குழாய் முழுவதும் அடைபட்டிருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உள்ளே தள்ளுவதற்காக மேலும் ரொட்டியோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். கோலா குடித்தால் இறங்கும் என்ற யோசனையும் இணையத்தில் உலவுகிறது. 2023-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் கோலா குடித்தவர்களுக்கும் குடிக்காமல் காத்திருந்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். தாகத்துக்கு உப்பு மிகுந்த சாப்பாடே போதுமான காரணம். சுவையூட்டும் உப்பில் இருப்பதாக நீங்கள் பயப்படும் குளுட்டமேட், பார்மசான் சீஸிலும் பழுத்த தக்காளியிலும் இயற்கையாகவே நிறைய இருக்கிறது. மைதா குடலில் ஒட்டாது. மற்ற மாவுச்சத்தைப் போலவே செரித்துவிடும். அம்மா இரவில் சாப்பிட்டுப் படுப்பதற்கு முன் மூன்று மணி நேரம் இடைவெளி விடட்டும். மகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பா பரிசோதனைக்குப் போகும்வரை ரொட்டியும் இறைச்சியும் வேண்டாம். மென்மையான உணவே கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக அதை நிறுத்தக் கூடாது. ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, தண்ணீரே இறங்காமல் போனாலோ, குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.