டென்வர் வளர்ந்த வரலாறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கடலும் இல்லை, படகு செல்லும் ஆறும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வர் பெருநகரமானதற்குத் தங்கம்தானே காரணம்?

பதில்: தங்கம் ஊரைத் தொடங்கி வைத்தது, வளர்த்தது ரயில். 1858-இல் சவுத் பிளாட் ஆற்றுப் பகுதியில் தங்கத் துகள்கள் கிடைத்த செய்தி பரவியதும், செர்ரி கிரீக் ஓடை அந்த ஆற்றில் கலக்கும் இடத்தில், ஓடையின் ஒரு கரையில் ஆரேரியாவும் மறுகரையில் டென்வர் சிட்டியும் எழுந்தன. ஆனால் தங்கம் மிகுதியாகக் கிடைத்தது மேற்கே மலைக்குள், சென்ட்ரல் சிட்டி வட்டாரத்தில்தான். டென்வரோ, அங்கே போகிறவர்களுக்கு மாவும் மண்வெட்டியும் விற்ற சந்தை ஊர். எனவே அதைச் சுரங்க நகரம் என்று எழுத வேண்டாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: 1860-இல் 4,749 பேர், 1870-இல் 4,759 பேர். பத்தாண்டில் கூடியவர்கள் பத்தே பேர். அதன்பின் 1880-இல் 35,629, 1890-இல் 1,06,713. யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் கொலராடோ மலைகளின் செங்குத்தைத் தவிர்த்து, வடக்கே வயோமிங்கின் ஷையன் நகர் வழியாகப் பாதை போட்டதால், டென்வர் வணிகர் சிலர் 1867-லேயே அங்கே குடிபெயரத் தொடங்கினர். எஞ்சியவர்கள் முன்னாள் ஆளுநர் ஜான் எவன்ஸ் முதலானோரின் தலைமையில் டென்வர் பசிபிக் நிறுவனத்தை நிறுவி, அரப்பஹோ கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) வாக்காளர்களிடம் ஐந்து லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் பெற்று, ஷையன் வரை 106 மைல் பாதையை 1870 ஜூனில் முடித்தனர். இரண்டே மாதத்தில் கான்சஸ் பசிபிக்கும் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தது.

கேள்வி: 1864 வெள்ளத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று 'ராக்கி மவுன்டன் நியூஸ்' இதழின் அலுவலகத்தைச் செர்ரி கிரீக்கின் மணற்படுகையிலேயே கட்டியிருந்தார்கள். அந்த மே மாதம் நள்ளிரவில் வந்த வெள்ளம் கட்டடத்தையும் அச்சு இயந்திரத்தையும் சேர்த்து அடித்துச் சென்றது. வறண்டு கிடந்த படுகையை நிலமென்று நம்பியதன் விலை அது.

கேள்வி: டென்வர் சரியாக ஒரு மைல் உயரத்தில்தான் இருக்கிறதா?

பதில்: மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தின் மேற்குப் படிகளில் ஒன்று, ஒரு மைலான 5,280 அடி உயரத்தைக் குறிக்கிறது. எந்தப் படி என்பது அளவீடு திருந்தும்போதெல்லாம் மாறியிருக்கிறது.

கேள்வி: உங்கள் முதல் பதிலை நான் ஏற்கவில்லை. ரயில் ஷையனுக்கும்தான் வந்தது. அது ஏன் டென்வராகவில்லை? 1870-களின் இறுதியில் கொலராடோ மலையூரான லெட்வில்லில் கிடைத்த வெள்ளியே உண்மையான காரணம்.

பதில்: நல்ல மறுப்பு, நின்று பதில் சொல்லத் தகுந்தது. ஷையன், பாதை கடந்து செல்லும் ஊர். டென்வரோ பாதைகள் கூடும் ஊர். சமவெளியிலிருந்து வந்த வழக்கமான அகல ரயில் பாதைகளும், டென்வர் அண்ட் ரியோ கிராண்டே நிறுவனத்தின் பாதை போல மலைக்குள் ஏறிய, அகலம் குறைந்த குறும்பாதைகளும் இங்கே சந்தித்தன. வெள்ளி பெருஞ்செல்வத்தைக் கொண்டுவந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தாது டென்வருக்கு ஏன் வந்தது? 1878-இல் ஆர்கோ உருக்காலை மலையூரான பிளாக் ஹாக்கை விட்டு டென்வர் அருகே இடம்பெயர்ந்தது. 1882-இல் லெட்வில்லில் தீக்கிரையான கிராண்ட் உருக்காலையும் டென்வரிலேயே மீண்டும் எழுந்தது. பல சுரங்கங்களின் தாதும் நிலக்கரியும் ஒரே இடத்துக்கு மலிவாக வந்து சேர்ந்தன என்பதே அதற்குக் காரணம்.

1893-இல் வெள்ளி விலை சரிந்து டென்வரின் வங்கிகள் பல கதவடைத்தன. வெள்ளியே காரணம் என்றால் ஊர் அத்தோடு சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் 1900-இல் டென்வரில் 1,33,859 பேர் இருந்தனர். கால்நடையும் தானியமும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் அதே தண்டவாளங்களில் வந்தன.

கேள்வி: ஆளில்லாத வெற்று நிலத்தில் இவ்வளவு பெரிய நகரத்தை உருவாக்கியது சாதனை அல்லவா?

பதில்: வெற்று நிலம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 1851-ஆம் ஆண்டு ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம் அந்த நிலத்தை ஷையன், அரப்பஹோ பழங்குடி மக்களுடையது என்று ஏற்றுக்கொண்டிருந்தது. மேலே சொன்ன அதே எவன்ஸ்தான் ஆளுநராக இருந்தபோது, 1864 ஆகஸ்டில், பகைமை காட்டும் பழங்குடியினரைக் குடிமக்களே கொல்லலாம் என்று பிரகடனம் வெளியிட்டார். நவம்பர் 29 அன்று கர்னல் சிவிங்டனின் படை சாண்ட் கிரீக்கில் தங்கியிருந்த அந்த இரு பழங்குடியினரைத் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். மறு ஆண்டு எவன்ஸ் பதவி விலக நேர்ந்தது. ரயிலைப் பாராட்டும் எவரும் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கேள்வி: ஒரு மைல் உயரம் என்பது உண்மையா?

பதில்: மேலே பதில் உள்ளது.

கேள்வி: அங்கே இப்போது வீடு வாங்கலாமா?

பதில்: என் துறை வரலாறு. வீட்டுச் சந்தை அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: 1970-இல் 5,14,678 ஆக இருந்த மக்கள்தொகை 1990-இல் 4,67,610 ஆனது ஏன்?

பதில்: மக்கள் புறநகருக்குப் போனார்கள், நகரத்தால் அவர்களைப் பின்தொடர முடியவில்லை. அண்டைக் கவுண்டியின் நிலத்தை இணைக்க அக்கவுண்டி வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்று 1974-இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டது. பின்னர் 1995-இல் திறந்த விமான நிலையத்துக்கான நிலமும், ஆடம்ஸ் கவுண்டி மக்கள் 1988-இல் வாக்களித்த பிறகே கிடைத்தது.

கேள்வி: சுரங்க நகரமான டென்வருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: சுரங்க நகரம் அல்ல, முதல் பதிலைப் படியுங்கள். நீரில் ஏறத்தாழப் பாதி ராக்கி மலையின் மறுபுறத்திலிருந்து வருகிறது. மோஃபட் ரயில் சுரங்கப்பாதை 1928-இல் திறக்கப்பட்டது; அதன் பக்கத்தில் முதலில் குடைந்த சிறிய துளை வழியே 1936 முதல் தண்ணீர் வருகிறது. 1963-இல் முடிந்த டில்லன் நீர்த்தேக்கத்திலிருந்து ராபர்ட்ஸ் சுரங்கம் 23 மைல் தூரம் மலைக்கடியில் நீரைக் கொண்டு வருகிறது.