டிகே மாதிரி ஒரு ஜியுஐ டூல்கிட்டை (பட்டன், மெனு, விண்டோ வரைய உதவுற கோட் தொகுப்பு) வேற பிளாட்ஃபார்முக்கு போர்ட் பண்றது, அதாவது அங்கயும் ஓட வைக்கறது, ஏன் அவ்ளோ கஷ்டம்?

பட்டன், மெனுலாம் எல்லா ஓஎஸ்லயும் இருக்கே, கால் பண்ற பேரை மட்டும் மாத்தினா போதாதான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. பட்டன் வரையுறது ஈஸி, ஈவென்ட் லூப்தான் (கிளிக், கீ, டைமர்னு எது வந்தாலும் காத்திருந்து வாங்கி கவனிக்கற லூப்) உயிரை வாங்கும்.

டிசிஎல்ங்கற ஸ்கிரிப்ட் மொழிக்காக ஜான் ஆஸ்டர்ஹவுட் எழுதின டிகேவையே எடுத்துக்கோங்க (பைத்தானோட ஜியுஐ லைப்ரரியான டிகின்டருக்கு அடியில இருக்கறதும் இதான்). அது பொறந்தது யூனிக்ஸ்ல எக்ஸ்11ங்கற விண்டோ சிஸ்டம் மேல, அதனால கோட் முழுக்க எக்ஸ்லிப் (எக்ஸ்11 கூட பேசுற லைப்ரரி) கால்தான். 1996-ல 4.1 வெர்ஷன்ல விண்டோஸுக்கும் மேக்குக்கும் கொண்டுபோனப்போ எல்லாத்தையும் திருப்பி எழுதல, எக்ஸ்லிப் ஃபங்ஷன் பேரை அப்படியே வச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள விண்டோஸ்ல ஜிடிஐயை (அங்க திரையில வரையுற ஃபங்ஷன்கள்) கூப்பிடுற மாதிரி ஒரு டூப் லேயர் போட்டாங்க. செம ஐடியா, என்னைக் கேட்டா.

ஆனா எக்ஸ்11 கனெக்‌ஷன் ஒரு சாக்கெட், அதையும் மத்த ஃபைலையும் சேர்த்து ஒரே செலக்ட் கால்ல (எதுல டேட்டா வந்தாலும் எழுப்பி விடுற யூனிக்ஸ் ஃபங்ஷன்) காத்திருக்கலாம். விண்டோஸ்ல கிளிக், கீ எல்லாம் மெசேஜ் க்யூங்கற வரிசையில வரும், அது வேற ஜாதி, செலக்ட்ல சேர்த்து காத்திருக்க முடியாது. அதுக்காகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோ வச்சு டைமர் எல்லாம் அது வழியா வர்ற மாதிரி பண்ணிருக்காங்க. யூசர் டைட்டில் பாரை பிடிச்சு இழுத்தா விண்டோஸ் தன் சொந்த லூப்புக்குள்ள போயிடும், மவுஸை விடுற வரை உங்க லூப்புக்கு கன்ட்ரோல் வராது.

மேக்ல கோக்கோவுக்கு (மேக்கோட சொந்த ஜியுஐ லைப்ரரி) திரையில ஒய் பூஜ்யம் கீழ, டிகேவுக்கு மேல. திருப்ப மறந்தா விண்டோ தலைகீழான இடத்துல போய் நிக்கும்.

அதனால முதல்ல லூப், அப்புறம் காலி விண்டோ, அப்புறம் ஃபான்ட். அழகு கடைசில பாத்துக்கலாம், டிகேவுக்கே நேட்டிவ் தீம் விட்ஜெட் (அந்தந்த ஓஎஸ் லுக்ல இருக்கற பட்டன், மெனு மாதிரி பாகங்கள்) 2007-ல 8.5லதான் கூட சேந்து வந்துச்சு.