தத்துப் போகாத பூனைகளுக்கு மாதாமாதம் ஸ்பான்சர்: கேள்வி பதில்

அடிபட்டு இடுப்புக்குக் கீழ் அசையாதவை, கண் போனவை, தீராத நோய் உள்ளவை, ஆள் கிட்டே வந்தாலே சீறிக்கொண்டு மூலையில் ஒடுங்குபவை. எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் இப்படிச் சில பூனைகள் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். யாரும் வீட்டுக்கு அழைத்துப் போவதில்லை. அவற்றின் செலவை வெளியிலிருந்து மாதாமாதம் ஏற்றுக்கொள்வதுதான் ஸ்பான்சர். அதுபற்றி நம் குழுவில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, காப்பகப் பூனைப் பராமரிப்பில் பழுத்த உறுப்பினர் ஒருவரின் பதில்கள் இவை.

கோவையிலிருந்து: அக்கா, பணம் கட்டினால் அந்தப் பூனை எனக்குச் சொந்தமா? சிகிச்சை பற்றி நான் சொல்வதைக் கேட்பார்களா?

சொந்தம் ஆகாது தம்பி. பொறுப்பும் முடிவும் காப்பகத்துடையவை. என்ன மருந்து, எந்தக் கூண்டு, அறுவை செய்யலாமா வேண்டாமா என்பதெல்லாம் அங்குள்ள மருத்துவர் சொல்வதுதான். நீங்கள் தருவது செலவில் ஒரு பங்கு. ஒரே பூனைக்கு மூன்று நான்கு பேர் பங்கு போடுவதும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் சேரும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். இந்தப் பூனைக்கு இப்போது எத்தனை பேர் கட்டுகிறார்கள்? அதன் செலவுக்கு மேல் வரும் பணம் எங்கே போகிறது? “மிச்சம் மற்றப் பூனைகளின் மருந்துக்குப் போகிறது” என்று நேராகச் சொல்லும் இடம் நல்ல இடம்.

சேலத்திலிருந்து: ஒரு பூனைக்கு மாதம் எவ்வளவு ஆகும்? ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள்.

தொகையை விடுங்கள், அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது. கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 240 கலோரி வேண்டும். உலர் தீவனத்தில் அது 55 முதல் 65 கிராம். மாதத்துக்கு 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் சிந்துவது, மிச்சம் வைப்பது எல்லாம் அடங்கிவிடும். இதோடு பூனை மணல், குடற்புழு மருந்து, ஆண்டுக்கொரு முறை ரேபிஸ் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மூன்று பூனை நோய்களுக்கான முத்தடுப்பூசி. இவற்றை உங்கள் ஊர்க் கடை விலையில் பெருக்கினால் நோயில்லாத பூனையின் அடிப்படைச் செலவு வந்துவிடும். கூடவே ஆள் சம்பளம், மின்சாரம், தண்ணீர். பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூண்டு கழுவ ஆள் இல்லாவிட்டால் தீவனம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

நோயுள்ள பூனையின் கணக்கே வேறு. வயதான பூனைகளுக்கு வரும் நாள்பட்ட சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ் குறைந்த தனித் தீவனம் வேண்டும், அது சாதாரணத் தீவனத்தைப் போலப் பல மடங்கு விலை. உடலில் நீர் வற்றாமல் இருக்கத் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்க் கரைசலை ஏற்றுவார்கள். ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லி, சில பூனைகளுக்கு வாரம் இருமுறை, முற்றியவற்றுக்குத் தினமும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), பாஸ்பரஸ், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இதெல்லாம் மாதாமாதம் தவறாமல் வரும் செலவு. ஒரே தடவை பத்தாயிரம் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரைவிட, முந்நூறு ரூபாயை மூன்று வருடம் விடாமல் கட்டுகிறவர்தான் இந்தப் பூனைக்கு வேண்டும். அடுத்த மாதம் பணம் வரும் என்று தெரிந்தால்தான் காப்பகம் துணிந்து சிகிச்சையைத் தொடங்கும்.

திருச்சியிலிருந்து: எஃப்.ஐ.வி. (பூனையின் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) உள்ள கடுவன் ஒன்றுக்கு ஸ்பான்சர் கேட்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள். பார்க்கப் போனால் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது அம்மா. மனிதருக்கு வரவே வராது. பூனைக்குப் பூனை பரவுவதும் பெரும்பாலும் ஆழமான கடியால்தான். அதனால்தான் தெருவில் சண்டை போட்டுத் திரிந்த கடுவன்களிடம் அதிகம் காண்கிறோம். கருத்தடை செய்து, சண்டை போடாத கூட்டத்தோடு விட்டால் பல ஆண்டுகள் நன்றாகவே வாழும். ஒரு எச்சரிக்கை: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்.ஐ.வி. என்று சோதனை காட்டினால், அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். ஆறு மாதம் தாண்டியபின் மறுபடி சோதிக்காமல் முத்திரை குத்தக் கூடாது.

ஃபெலைன் லுக்கீமியா வேறொரு வைரஸ் நோய். அதுவும் மனிதருக்கு வராது. ஆனால் எச்சிலிலேயே பரவும், ஒன்றையொன்று நக்கினால் போதும். அது உள்ள பூனைகளுக்குத் தனி அறை, தனித் தட்டு வேண்டும். அவற்றில் பலவற்றின் ஆயுள் சில ஆண்டுகள்தான். அது தெரிந்தே ஸ்பான்சர் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நாகர்கோவிலிலிருந்து: தலை ஆடி, நடக்கும்போது விழுந்து விழுந்து எழும் குட்டியின் வீடியோ பார்த்தேன். இப்படி வைத்திருப்பது வதை இல்லையா?

இல்லை. பூனை கருவுற்றிருக்கும்போது பான்லுக்கோபீனியா என்ற பூனைத் தொற்றுநோயின் வைரஸ் தாக்கினால் குட்டிகளின் சிறுமூளை முழுதாக வளராது. உடம்பைச் சமன் செய்யும் இடம் அது. அதனால்தான் தள்ளாட்டம். வலி கிடையாது, நாளாக நாளாக மோசமாவதும் இல்லை. பிறவியிலிருந்தே அப்படித்தான் என்பதால் குட்டி அதற்குப் பழகிக்கொள்ளும். வழுக்காத தரை, உயரம் குறைந்த மணல் தட்டு, கவிழாத கனமான கிண்ணம், ஏறி விழ உயரமான இடம் இல்லாத அறை, இவ்வளவு போதும். ஆனால் நேற்றுவரை நன்றாக நடந்த பூனை இன்று தள்ளாடினால் அது இந்த நோயல்ல. காது, நரம்பு, விஷம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மதுரையிலிருந்து: பின்னங்கால் இரண்டும் செயலிழந்த பூனைக்கு என்னென்ன வாங்கித் தரலாம்?

அந்தப் பூனையால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால், பழகிய ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால் சிறுநீர் தேங்கித் தொற்று வரும், சிறுநீரகம் கெடும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி அந்த ஆளின் நேரத்துக்குத்தான் போகும், போகவும் வேண்டும்.

பொருளாகத் தருவதென்றால் உறிஞ்சும் விரிப்புகள், பச்சிளங்குழந்தை டயப்பர். டயப்பரில் வாலுக்கு ஓட்டை வெட்டிப் போடுவார்கள். வாசனைத் துடைப்பான் வேண்டாம். குழந்தைகளுக்குப் பூசும் டயப்பர் கிரீமை அனுப்பவே அனுப்பாதீர்கள். பெரும்பாலானவற்றில் துத்தநாக ஆக்ஸைடு இருக்கும், பூனை நக்கி விழுங்கிவிடும்.

விழுப்புரத்திலிருந்து: வீட்டில் இருக்கும் பழைய பொருட்களைக் கொடுக்கலாமா?

பழைய பருத்தி வேட்டி, புடவை, போர்வை, செய்தித்தாள், தாராளமாகக் கொடுங்கள். நூல் பிரியும் கம்பளி, ரிப்பன் வேண்டாம். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி அறுத்துவிடும்.

பினாயில், டெட்டால் பாட்டில்களைச் சுத்தம் செய்ய உதவும் என்று அன்போடு கொண்டுவருகிறார்கள். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலால் சரிவர முடியாது. கழுவிய தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அதற்குப் பதில் சலவைப் பிளீச் கொடுங்கள். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய்களுக்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் அப்படித்தான். நாய்த் தீவனத்தில் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து போதிய அளவு இருக்காது. அதையே மாதக்கணக்கில் தின்றால் கண்பார்வையும் இதயமும் கெடும். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

சென்னையிலிருந்து: கறுப்புப் பூனைகளை யாரும் எடுப்பதில்லை என்கிறார்கள். அவற்றுக்கு ஸ்பான்சர் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் ஆரோக்கியமான கறுப்புப் பூனைக்குப் பணத்தைவிட வீடுதான் தேவை. பூனை குறுக்கே போனால் சகுனத் தடை என்று வாசலிலேயே திரும்பி உட்காரும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை, அதில் கறுப்புக்கு இரட்டைப் பழி. வெளிச்சத்தில் எடுத்த நல்ல புகைப்படம் ஒன்றை உங்கள் பக்கத்தில் போடுங்கள். கறுப்பு முகம் இருட்டில் எடுத்தால் படத்தில் ஒன்றுமே தெரியாது.

வெள்ளைப் பூனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலக்கண் உள்ளவற்றில் பல செவிடு. நம் வெயிலில் காது நுனியும் மூக்கும் கருகிப் பின்னாளில் புற்றுநோயாகலாம். காது ஓரத்தில் ஆறாத பொருக்கு இருந்தால் காப்பகத்திடம் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: உண்மையான காப்பகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தனியாள் பெயரில் உள்ள யுபிஐ எண்ணுக்கு மாதாமாதம் அனுப்பாதீர்கள். அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். பதிவு எண், பான், கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கை ஆகியவற்றைக் கேட்கலாம், கேட்பது அவமரியாதை அல்ல. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1962இல் அமைந்த வாரியம் அது. முதல் தலைவர் நம் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல்.

பூனை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடையைக் கேளுங்கள். அழகான படத்தைவிட எடைதான் பேசும். 4 கிலோ பூனை காரணமில்லாமல் 400 கிராம் இறங்கினால் உடனே பரிசோதிக்க வேண்டும். எடையைக் குறித்துவைக்காத இடம் பூனையைக் கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

வருமான வரிச் சலுகை, அதாவது 80ஜி என்று நாம் சொல்வது, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் சலுகை கிடையாது.

டொராண்டோவிலிருந்து: இங்கிருந்து தமிழ்நாட்டுக் காப்பகத்துக்கு அனுப்பலாமா?

உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது அண்ணா. இந்தியக் குடியுரிமை இருந்தால், உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடியக் குடியுரிமை பெற்றிருந்தால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் சரி. அப்போது அந்தக் காப்பகம் எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், பணமும் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்குக்கே வர வேண்டும். “ஊரில் இருக்கும் தம்பி பெயரில் கட்டிவிடுகிறேன்” என்று சுற்றிவளைத்தால் மாட்டிக்கொள்வது காப்பகம்தான்.

வேலூரிலிருந்து: நேரில் பார்க்கப் போகலாமா? எங்கள் வீட்டிலும் இரண்டு பூனைகள்.

நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பான்லுக்கோபீனியா வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடிருக்கும், சானிடைசருக்கு அடங்காது. வீடு திரும்பியதும் செருப்பை வெளியே விட்டு, சோப்பால் கைகழுவி, உடை மாற்றியபின் உங்கள் பூனைகளைத் தொடுங்கள். செருப்பின் அடியைச் சலவைப் பிளீச்சில் நனைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

மிரளும் பூனையைத் தூக்க முயலாதீர்கள். பக்கவாட்டாகத் தரையில் உட்காருங்கள், உற்றுப் பார்க்காமல் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். அதுவும் மூடித் திறந்தால் அன்றைக்கு அது போதும்.

ஈரோட்டிலிருந்து: வாய்ப்புண் சிகிச்சைக்கு நான் ஸ்பான்சர் செய்த பூனையை யாரோ தத்தெடுத்துவிட்டார்கள். ஏமாற்றமாக இருக்கிறது.

உங்கள் பணத்தில் பல் எடுத்து, வாய்ப்புண் ஆறி, சாப்பிடத் தொடங்கியதால்தானே அதற்கு வீடு கிடைத்தது. நாள்பட்ட வாய்ப்புண் உள்ள பூனைகளுக்குப் பற்களை எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் நன்றாகத் தேறும், ஆனால் வேர் உள்ளே தங்கினால் புண் திரும்பும். புது வீட்டுக்காரரிடம் பல் எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் போய்ச் சேர்ந்ததா என்று காப்பகத்திடம் விசாரியுங்கள். அடுத்த மாதத் தொகையை எந்தப் பூனைக்கு மாற்றுவது என்றும் சொல்லிவிடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: பட்டியலில் முப்பது பூனைகள். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒற்றைக்கண் குட்டிக்கு ஆள் கிடைத்துவிடும். படத்தில் முகமே தெரியாமல் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பத்து வயதுப் பூனைக்குக் கிடைக்காது. ஆரோக்கியமான தெருப்பூனை என்றால் கருத்தடை செய்து அதன் இடத்திலேயே விட்டிருப்பார்கள். இது உள்ளேயே இருக்கிறதென்றால் திரும்பிப் போக முடியாத காரணம் ஒன்று இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து கட்ட முடிகிற தொகை எதுவோ அதைச் சொல்லுங்கள். நிறுத்த நேர்ந்தால் இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவியுங்கள்.