பழைய வைமாக்ஸ் கருவியில் 4ஜி சிம் வேலை செய்யுமா?

செய்யாது. வைமாக்ஸ் என்பது கம்பியில்லாமல் வீட்டுக்கு இணையம் தந்த பழைய தொழில்நுட்பம். உங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் முன்பு இருந்தவர்கள் விட்டுச் சென்ற வைமாக்ஸ் கருவியை 4ஜிக்கு மாற்ற வழியில்லை. சிக்னல் விளக்கு ஓயாமல் மின்னுவது பெரும்பாலும் பழுதினால் அல்ல. தனக்குரிய கோபுரத்தை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

வைமாக்ஸ் 802.16 என்ற தொழில்நுட்பத் தரத்தில் இயங்குவது. 4ஜி எல்.டி.இ முற்றிலும் வேறு தரம். உள்ளே இருக்கும் சில்லே (சிப்) வேறு என்பதால், மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கருவியின் அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். 802.16இ, 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் அதைக் கழற்றிவிடலாம். எல்.டி.இ என்று இருந்து சிம் துளையும் இருந்தால் அது வைமாக்ஸே அல்ல; உங்கள் சேவையின் அலைவரிசையும் கருவியினதும் ஒன்றா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள்.

பழைய கருவிக்காகப் போட்ட மொட்டை மாடிக் கம்பமும் கீழே இறங்கும் நெட்வொர்க் கேபிளும் வீணில்லை. புதிய வெளிப்புற 4ஜி கருவிக்கு அவையே போதும். 50 கிலோமீட்டர் எட்டும் என்று வைமாக்ஸைப் பற்றிச் சொல்லப்பட்டது தடையற்ற வெளிக்குத்தான். கொழும்புக் காலி வீதியின் கான்கிரீட் நெரிசலில் எந்தக் கருவிக்கும் உயரம் முக்கியம்.

ஒன்றில் மட்டும் கவனம்: பழைய மின் அடாப்டர் அந்தக் கேபிள் வழியாகவே மேலே மின்சாரம் அனுப்புகிறது. அந்த அடாப்டரைப் புதிய ரவுட்டரில் செருகினால் ரவுட்டர் எரிந்துபோகலாம்.